நூலகத்தின் காசைக் கொடுத்துவிடுங்கள்

நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

பூந்தமல்லி வட்டாரத்தில் எந்த ஊர் ஆணையர் என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் கணக்குப் பிரிவில் யாராவது ஓர் இளநிலை உதவியாளரை இடமாற்றம் செய்துவிட்டு, 'உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று பதில் போடுவீர்கள். மடல் தங்களுக்குத்தான் என்பது தங்களுக்குத் தெரியும். என் மனுக்கள் தங்கள் அலுவலகத்தில்தான் இருக்கின்றன.

நூலக வரி பற்றித்தான். சட்டத்தை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சொத்து வரி நூறு ரூபாய் என்றால் நூலகத்துக்குப் பத்து ரூபாய். அந்தப் பத்து ரூபாய் நகராட்சியின் பணமே அல்ல. மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்காக வாங்கி, அவர்களிடம் ஒப்படைக்க வேண்டிய பணம்.

எவ்வளவு வசூலித்தீர்கள், எவ்வளவு ஒப்படைத்தீர்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டேன். வசூலுக்கு வருவாய்ப் பிரிவு காசு பிசகாமல் கணக்குக் கொடுத்தது. ஒப்படைத்ததற்குக் கணக்குப் பிரிவிலிருந்து ஒரே வரி: 'நிதி நிலைமைக்கேற்பச் செலுத்தப்பட்டு வருகிறது.' தேதி இல்லை, காசோலை எண் இல்லை, தொகையும் இல்லை. மேல்முறையீட்டுக்கும் அதே வரிதான் வந்தது, அடியில் கையெழுத்து மட்டும் வேறு.

பிறகு ஆண்டுக் கணக்கை வாங்கிப் பார்த்தேன். கைக்கு வந்த பணத்தோடு கொடுக்க வேண்டிய பாக்கியையும் பதியும் அக்ரூவல் கணக்கு முறைக்கு இந்தியாவிலேயே முதலில் மாறியவை தமிழ்நாட்டு நகராட்சிகள் என்று கால் நூற்றாண்டாகப் பெருமை பேசுகிறோம். பெருமை நியாயமானதுதான். பொறுப்புகள் பக்கத்தில், ஒப்பந்ததாரர் வைப்புத்தொகைக்குக் கீழே, 'செலுத்த வேண்டிய நூலக வரி' என்று தலைப்புப் போட்டுத் தொகையைத் தெளிவாகவே எழுதியிருக்கிறீர்கள். போன வருடத்தைவிட இந்த வருடம் கூடுதல். அதற்கு முந்தைய வருடத்தைவிடப் போன வருடம் கூடுதல். எதையும் மறைக்கவில்லை. மறைத்திருந்தால்கூடக் கொஞ்சம் கூச்சமாவது இருக்கிறதே என்று நினைத்திருப்பேன். மொய் நோட்டில் எல்லார் பெயரும் சரியாக இருக்கிறது, பணம் வைத்த பையை மட்டும் காணோம் என்றால் கல்யாண வீட்டில் என்ன நடக்கும் என்று தங்களுக்குத் தெரியாததா?

"சம்பளம், ஈ.பி. பில், குப்பை கான்ட்ராக்டர், எல்லாம் போக மிச்சம் இருந்தாத்தானே சார்" என்றார் தங்கள் அலுவலகத்தில் ஒருவர். உண்மையைச் சொன்ன அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நகராட்சிக்குப் பணமுடை இருப்பதும் பொய்யில்லை. ஆனால் கைமாற்று வாங்குகிறவன் கொடுப்பவனிடம் ஒரு வார்த்தை கேட்பான். தாங்கள் யாரிடம் கேட்டீர்கள்?

கிளை நூலகத்துக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். வாடகைக் கட்டடம், மாடி. மழைக்காலத்தில் இரண்டு அலமாரிகளைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு பிளாஸ்டிக் தாள் மூடியிருப்பார்கள். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் சொந்தப் புத்தகத்தோடு வந்து, நாற்காலி கிடைக்காமல் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார்கள். சுவரில் புரவலர் பட்டியல். ஆயிரம் ரூபாய் கொடுத்தவர்களின் பெயர்கள். எல்லாரும் ஏற்கெனவே நூலக வரி கட்டியவர்கள். கட்டிய காசு வந்து சேரவில்லை என்பதால் மறுபடியும் கட்டினவர்கள் என்று அந்தப் பலகையில் திருத்தி எழுதினால் பொருத்தமாக இருக்கும்.

இதைத் தட்டிக்கேட்க 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றமே இல்லை. பட்ஜெட் போட்டதும் அதிகாரி, ஒப்புதல் தந்ததும் அதே அதிகாரி. அப்போது கேட்க ஆளில்லை, சரி. இப்போது மன்றம் இருக்கிறது. பட்ஜெட் புத்தகம் கூட்டத்தன்று காலையில் கைக்கு வருகிறது. வடை ஆறுவதற்குள் 'ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது'. 2022இல் சொத்து வரியை ஏற்றினீர்கள், சிறிய வீடுகளுக்கே 25 சதவீதம். வரி ஏறினால் அதன் பத்து சதவீதமும் தானாக ஏறும். உங்கள் வசூலில் ஏறியது நூலகத்தின் வாசலுக்கு ஏன் வரவில்லை?

நான் வரி கட்ட ஓர் அரையாண்டு தாமதித்தால் வட்டி போடுகிறீர்கள். அதற்கும் மேல் போனால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கிறீர்கள். பாக்கிதாரர் பெயர்களை ஃபிளெக்ஸ் அடித்துத் தெருமுனையில் கட்டுகிறீர்கள். ஆண்டுக்கணக்காக அடுத்தவர் காசை வைத்திருக்கும் உங்களுக்கு என்ன வட்டி? உங்கள் எந்த இணைப்பைத் துண்டிப்பது?

கோரிக்கை என்று தனியாக எழுத வேண்டுமா? பாக்கி முழுவதையும் ஒரே நாளில் கொடுங்கள் என்று கேட்கும் அளவுக்கு நான் அப்பாவி இல்லை. அடுத்த அரையாண்டு வசூலிலிருந்தாவது நூலகப் பங்கைத் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள், அதில் சம்பளம் போடாதீர்கள். முடியாது என்றால் அடுத்த முறை ஃபிளெக்ஸ் அடிக்கும்போது பாக்கிதாரர் பட்டியலில் முதல் பெயராக நகராட்சியின் பெயரைப் போடுங்கள். அச்சுக்கூலியை நான் கொடுக்கிறேன், ரசீது போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வரி பாக்கி வைக்காத ஒருவன்