சுழியம் இல்லாமலும் எழுதலாம்

"சுழியம் இல்லையென்றால் இடமதிப்பே இல்லை." பல ஆண்டுகளாக வகுப்பில் நான் சொல்லி வந்த வாக்கியம் இது. அண்மையில் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "எக்செல் நிரல்களில் சுழியம் எங்கே இருக்கிறது, டீச்சர்?" என்று கேட்டாள். பிறகு பார்க்கலாம் என்று பாடத்தைத் தொடர்ந்துவிட்டேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது.

ஏ முதல் இசட் வரை 26 நிரல்கள். 27ஆவது நிரல் ஏஏ. கடைசி நிரலான எக்ஸ்எஃப்டியைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 24×676 + 6×26 + 4, அதாவது 16,384. இடமதிப்பு அப்படியே இருக்கிறது. சுழியம்தான் இல்லை.

பத்தடிமானத்திலும் இது முடியும். 1 முதல் 9 வரை நாம் அறிந்த இலக்கங்கள். பத்துக்கு மட்டும் ஒரு புதிய இலக்கம் தேவை. நம் பழைய ௰ குறியை எடுத்துக்கொள்வோம். இருபது என்பது 1௰: ஒரு பத்து, பத்து ஒன்றுகள். நூறு 9௰. நூற்றொன்று ௰1. 2025ஐ 1௰25 என்று எழுத வேண்டும். எந்த எண்ணுக்கும் ஒரே வடிவம்தான். 7, 07, 007 என்ற குழப்பத்துக்கு இடமில்லை.

பழந்தமிழ் எண்முறையிலும் சுழியம் கிடையாதே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனித்தனிக் குறிகள் இருந்தன. அதில் ௨௰ என்றால் இருபது; இந்த முறையில் 2௰ என்றால் முப்பது. இரண்டையும் கலக்கக் கூடாது.

சுழியத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இந்த முறையில் 'ஒன்றுமில்லை' என்பதை எழுதவே வழியில்லை. என் கவலை வேறு. படிவம் 4இல் எண் அடிமானங்கள் வருகின்றன. வகுத்து, மீதியைக் கீழிருந்து மேலாக எழுதினால் விடை வந்துவிடுகிறது. ஏன் வருகிறது என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள். அவர்களிடம் சுழியமில்லா முறையைக் கொடுத்துப் பாருங்கள். மீதி 0 வந்தால் ஈவில் ஒன்றைக் குறைத்து, மீதியைப் பத்தாக்க வேண்டும். மனப்பாடம் இங்கே உதவாது. நேரமில்லை என்ற சாக்கை நானும் சொன்னவள்தான். ஒரு பாடவேளை போதும்.

அந்த மாணவியிடம் மறுவாரம் இதை விளக்கி, ஆயிரத்தை எழுதச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டுப் பலகையில் 99௰ என்று எழுதினாள்.