பிரியாணிக்குப் பெயருண்டு, பூட்ஸுக்கு இல்லை!

ஜோலார்பேட்டை ஜங்ஷனை அறியாத ரயில் பிரயாணி நம்மில் அபூர்வம். சென்னையிலிருந்து வரும் இருப்புப் பாதை அங்கேதான் பெங்களூருக்கும் சேலத்துக்குமாகப் பிரிகிறது. அதற்குச் சற்று முன்னால் வருகிற ஆம்பூரின் பெயரைக் கேட்டதுமே பலருக்கு நாவில் நீர் ஊறும். ஆம்பூர்ப் பிரியாணி தன் ஊர்ப் பெயரைச் சுமந்து எங்கெங்கோ கடை விரித்துவிட்டது. அதே ஊரில் தைக்கப்படும் பூட்ஸோ ஐரோப்பிய வீதிகளில் உலாவுகிறது. ஆயினும் அதனுள்ளே பொறித்திருப்பது அந்நியக் கம்பெனியின் பெயர்தான். சோற்றுக்குக் கிட்டிய கௌரவம் ஜோட்டுக்குக் கிட்டவில்லை!

இது எப்படி நேர்ந்தது? ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட நமது தோல், 'ஈஸ்ட் இந்தியா' என்ற பெயருடன் லண்டனுக்குக் கப்பலேறியது. மெருகும் அங்கே, லாபமும் அங்கே. சுதந்திரம் வந்த மறு ஆண்டு, 1948-இல், சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. பின்னர் 1973-இல், சீதாராமையா கமிட்டியின் யோசனையைத் தழுவி, பச்சைத் தோலும் அரைகுறைத் தோலும் வெளிநாடு செல்வதைச் சர்க்கார் கட்டுப்படுத்தியது. அதன் பிறகே மெருகேற்றிய தோலும், பூட்ஸின் மேல்பாகமும், முழு பூட்ஸுமாக நம்மவர் படிப்படியாக ஏறினார்கள். இந்த ஏற்றத்துக்குப் பாலாறு கொடுத்த விலை கொஞ்சமல்ல. அசுத்தம் செய்தவரே நஷ்டஈடு தரவேண்டும் என்று 1996-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லும்படி ஆயிற்று.

இவ்வளவு விலை கொடுத்தும் ஒரு படி பாக்கியிருக்கிறது. தோல் நம்முடையது, தையல் நம்முடையது. உருவத்தைக் கற்பனை செய்பவர் மட்டும் பெரும்பாலும் வேறொருவர்.

இது முடியாத காரியமா? எத்தியோப்பியாவைப் பாருங்கள். பெத்லஹேம் திலாஹூன் அலெமு என்ற பெண்மணி, 2004-இல், அடிஸ் அபாபாவின் எளிய பேட்டை ஒன்றில், பழைய டயரை அடியாக வைத்துச் செருப்புச் செய்யத் தொடங்கினார். டயர்ச் செருப்பு அவ்வூர்ப் பழக்கமே. அதற்குப் புது உருவமும் 'சோல்ரெபெல்ஸ்' என்ற சொந்தப் பெயரும் தந்து கடல் கடந்து விற்றார். பிறர் பெயருக்கு உழைக்கவில்லை.

பெயரின் பலத்துக்கு நம் தேசத்திலேயே சான்று உண்டு. 2025 ஜூனில் இத்தாலியின் பிராடா கம்பெனி, மிலான் நகரக் காட்சியில் கோலாப்பூர்ச் செருப்பைப் போன்ற ஒன்றை மூலத்தைச் சொல்லாமல் காட்டியது. கோலாப்பூர்ப் பெயருக்கு 2019-லேயே புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. மகாராஷ்டிரம் உரக்கக் கேட்டதும், இந்தியக் கைத்தொழிலே தமக்குத் தூண்டுதல் என்று அக்கம்பெனி ஒப்புக்கொண்டது. பெயரற்ற சரக்காயிருந்தால் யார் போய்க் கேட்பது?

ஆகவே நமது இளம் வடிவமைப்பாளருக்கு வேண்டியவை மூன்று. ஆயிரக்கணக்கில் ஆர்டர் எடுக்கும் முதலாளிகள், அவர்களுக்காக ஐம்பது ஜோடியும் தைத்துத் தர முன்வரவேண்டும். சென்னையில் நடக்கும் சர்வதேசத் தோல் சந்தையில் குறைந்த வாடகைக்கு அவர்களுக்கும் இடம் தரவேண்டும். மூன்றாவது, அவர்களே செய்யவேண்டியது: புது உருவத்தை ஊராருக்குக் காட்டுமுன் 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டத்தின்படி பதிவு செய்வது. முதலில் பத்து வருஷம், நீட்டித்தால் மேலும் ஐந்து வருஷம் உரிமை நிற்கும். காட்டிய பின் ஓடினால் பொதுவாகப் பலனில்லை.

நான்காவதாக ஒன்று உண்டு. அது நம் வீடுகளைச் சேர்ந்தது. தோலைத் தொடுவது இழிவென்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி, அத்தொழிலாளரை ஊருக்கு வெளியே நிறுத்திய பாவம் நம்முடையது. இன்றும் "ஜோடு தைக்கப் படிக்கிறேன்" என்று பிள்ளை சொன்னால் எத்தனை தகப்பனார்கள் முகம் சுளிக்காமலிருப்பார்கள்? அந்தச் சுளிப்புப் போகாதவரையில், நம் காலுக்கும் அந்நியனே உருவம் வரைந்துகொண்டிருப்பான்.