பாலைவனத்தில் ஒரு தண்ணீர்க் கணக்கு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மரிக்கோப்பா என்று ஒரு கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி. பரப்பளவு தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. 2020 கணக்கெடுப்புப்படி மக்கள்தொகை 44 லட்சம். முழுக்கப் பாலைவனம். தலைநகரான ஃபீனிக்ஸில் வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்வதில்லை. 2023இல் அங்கே தொடர்ந்து 31 நாள் வெயில் 43 டிகிரிக்கு மேல். அந்த ஒரே வருஷத்தில் வெப்பத்தால் இறந்தவர்கள் 645 பேர்.

இப்படிப்பட்ட இடத்தில் இத்தனை பேர் எப்படிப் பிழைக்கிறார்கள்? வங்கியில் வரவு செலவு பார்த்தே தலை நரைத்தவன் நான். எனக்கு அது சுவாரசியமான கணக்காகத் தெரிந்தது. நமக்கும் அதில் பாடம் இருக்கிறது.

அந்த ஊரை உண்டாக்கியதே உழவுதான். ஹோஹோகம் என்ற பழங்குடி மக்கள் இரும்புக் கருவிகூட இல்லாத காலத்தில் பல நூறு மைல் வாய்க்கால் வெட்டி மக்காச்சோளமும் பருத்தியும் விளைவித்தார்கள். 1860களில் வந்த வெள்ளைக்காரர்கள் அந்தப் பழைய வாய்க்கால்களின் தடத்திலேயே மறுபடி வெட்டினார்கள். 1903இல் உழவர்கள் ஒன்றுசேர்ந்து, தங்கள் நிலத்தையே ஈடாக வைத்து அரசிடம் கடன் பெற்றார்கள். அதில் கட்டியதுதான் 1911இல் முடிந்த ரூஸ்வெல்ட் அணை. பிறகு கொலராடோ ஆற்றிலிருந்து 540 கிலோமீட்டர் கால்வாயும் வந்தது.

தண்ணீர் வந்ததும் நகரம் வந்தது. வைக்கோலுக்குப் பேர்போன கில்பர்ட்டில் இன்று இரண்டரை லட்சம் பேருக்கு மேல் குடியிருக்கிறார்கள். டயருக்காகப் பருத்தி போட்ட நிலம் குட்இயர் என்ற நகரமாகிவிட்டது. சாண்ட்லரில் சிப் தொழிற்சாலை. ஓய்வுபெற்றவர்களுக்கென்றே 1960இல் தொடங்கிய சன் சிட்டி. மெக்சிகோவிலிருந்து தப்பி வந்த யாக்கி மக்களின் குவாதலூப்பே. பத்தில் மூன்று பேர் ஸ்பானிய வழியினர். ஆக, பல சாதி சனமும் ஒரே குழாயில் தண்ணீர் குடிக்கும் ஊர்.

நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போனதால் 1980இல் ஒரு சட்டம் போட்டார்கள். அதற்கு முந்தைய ஐந்து வருஷத்தில் பாசனம் செய்த நிலத்துக்கு மட்டுமே இனிப் பாசனம். சிறு கிணறுகளைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இறைப்பதை அளந்து வருஷாவருஷம் கணக்குக் கொடுக்க வேண்டும். வீட்டுமனை போடுகிறவர் 100 வருஷத்துக்குத் தண்ணீர் உண்டென்று காட்ட வேண்டும். 1996இல் தண்ணீருக்கென்றே ஒரு வங்கியும் தொடங்கினார்கள். உபரி நீரை நிலத்துக்குள் இறக்கினால் வரவு வைப்பார்கள், பிறகு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நூற்றுக்கு ஐந்து பங்கு பூமிக்கே விட்டுவிட வேண்டும். நாங்கள் வங்கியில் வட்டி கொடுத்தோம். அங்கே பூமி சர்வீஸ் சார்ஜ் எடுக்கிறது!

இவ்வளவு கணக்கு எழுதியும் 2023இல் துண்டு விழுந்தது. அடுத்த 100 வருஷத் தேவையில் 4 சதவீதத்துக்குத் தண்ணீர் இருக்காது என்று தெரிந்தது. உடனே ஃபீனிக்ஸ் பகுதியில் நிலத்தடி நீரை மட்டும் நம்பிப் போடும் புது மனைகளுக்கு அனுமதியை நிறுத்தினார்கள். வெறும் 4 சதவீதத்துக்கு! மழை அங்கேயைவிடப் பல மடங்கு பெய்யும் நம்ம ஊரில், ஆயிரம் அடி போர் போட்டுப் புகை வந்தாலும் பக்கத்திலேயே இன்னொன்று போடுகிறோம். கையிருப்பு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

"மீட்டர் வைத்தால் நாளைக்குக் காசு கேட்பான், அப்புறம் தண்ணியையே பிடுங்குவான்" என்று நம்ம ஆட்கள் சொல்வார்கள். இந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கும் அங்கேயே சான்று இருக்கிறது. கிலா ஆற்றங்கரை பீமா மக்கள் தங்களை 'ஆற்று மக்கள்' என்றே அழைத்துக்கொள்வார்கள். வழிப்போக்கருக்குக் கோதுமை விற்கும் அளவுக்கு விளைவித்தவர்கள். 1870களிலிருந்து மேலே குடியேறியவர்கள் ஆற்றை மறிக்க, கீழே வயல் காய்ந்து பட்டினி வந்தது. வறட்சி தாங்கும் டெப்பரி பயறு போய் அரசு கொடுத்த மாவும் கொழுப்பும் வந்தன. உலகிலேயே சர்க்கரை நோய் மிக அதிகமான மக்களில் ஒருவராக ஆனார்கள். தலைமுறை தலைமுறையாகப் போராடி 2004 சட்டத்தில்தான் வருஷத்துக்கு ஏறக்குறைய 28 டி.எம்.சி. உரிமை பெற்றார்கள்.

இதிலிருந்து எனக்குப் புரிவது இதுதான். கணக்கு வேண்டும், ஆனால் பேரேடு யார் கையில் என்பது அதைவிட முக்கியம். அது மேலே இருப்பவன் கையில் மட்டும் இருந்தால் தண்ணீர் வயலை விட்டு மனைக்கும் ஆலைக்கும் போகும். கணக்கே இல்லாவிட்டாலும் அப்படித்தான். அப்போது ஆழமாகத் துளை போடக் காசுள்ளவன் ஜெயிப்பான், இரண்டு ஏக்கர்க்காரன் தோற்பான்.

ஆகவே அரசு வந்து அளக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நம்ம ஊர்க் கணக்கை நாமே எழுதுவோம். கயிறும் கல்லும் போதும். ஊரில் பத்துக் கிணறு தேர்ந்தெடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னாலும், தை பிறந்த பின்னாலும் நீர்மட்டத்தை அளந்து பொது இடத்தில் எழுதிப் போடுங்கள். எந்தப் பயிர் எத்தனை ஏக்கர் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். மூடாக்கு போட்டவருக்கு எத்தனை நாள் தண்ணீர் மிச்சம் என்பது அப்போது தானாகத் தெரியும். கம்புக்கும் கரும்புக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் மேடை போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. நாளைக்கு ஒரு ஆலை வந்து "இங்கே தண்ணீர் உபரி" என்று சொன்னால், நீட்டிக் காட்ட நம்ம கையிலும் ஒரு நோட்டு இருக்கும்.

இந்த ஐப்பசிக்கு எத்தனை ஊர் தயார்?