குறையையும் சேர்த்துக் கொடுப்போம்

செய்தியாளர் சந்திப்பு முடிந்ததும் நிருபர் கையில் மக்கள் தொடர்புத் துறையினரான நாம் கொடுக்கும் பிரஸ் கிட்டைப் பிரித்தால் பெரும்பாலும் ஒரே சரக்குதான்: நிறுவனத்தின் வரலாறு, தலைவரின் படம், பெருமிதம் பொங்கும் இரண்டு பக்கச் செய்திக்குறிப்பு, ஒரு பென் டிரைவ். இவற்றில் எதுவும் தவறில்லை. ஆனால் நிருபர் அலுவலகம் திரும்பி எழுத உட்காரும்போது அவருக்கு எழும் கேள்விகள் வேறு. இந்தத் திட்டம் யாருக்குப் பயன்படாது? இந்த எண் எந்த ஆண்டுக்குரியது, எதோடு ஒப்பிட்டது? யார் சோதித்தார்கள், எத்தனை பேரிடம்? நினைத்தபடி நடக்காவிட்டால் மாற்று ஏற்பாடு என்ன? விடை கோப்பில் இல்லையென்றால் அவர் வேறு ஒருவரிடம் கேட்பார். நேரமில்லாவிட்டால் ஊகித்து எழுதுவார். ஒரு பிரஸ் கிட் வேலைக்கு ஆகுமா என்பதைத் தீர்மானிப்பவை அதிலுள்ள வரம்புகளும் நிபந்தனைகளும்தான் என்பது என் துணிபு. அவற்றைச் சேர்ப்பதால் செய்தி வெளியாவது குறையும் என்ற நம் தொழிலின் பழைய பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நம் துறையில் இன்றும் எடுத்துப் படிக்கத்தக்க கோப்பு, அப்போலோ 11 பயணத்துக்காக நாசா வெளியிட்டது. ராக்கெட் புறப்பட்டது 1969 ஜூலை 16 அன்று. கோப்பு ஜூலை 6 தேதியிட்டது. சுமார் 250 பக்கம். பயணத்தின் ஒவ்வொரு கட்டமும் எப்போது நடக்கும் என்ற கால அட்டவணை, விண்கலத்தின் அமைப்பு, வீரர்களின் வாழ்க்கைக் குறிப்பு, கலைச்சொற்களுக்கு விளக்கம், சுருக்கச் சொற்களின் பட்டியல், அளவைகளை மாற்றுவதற்கான அட்டவணை எல்லாம் அதில் உண்டு. முக்கியமானது இன்னொன்று: பயணத்தைப் பாதியில் கைவிட நேர்ந்தால் எந்தக் கட்டத்தில் என்ன செய்வார்கள் என்பதும் அதிலேயே இருந்தது. உலகமே பார்க்கப்போகும் ஒரு சாதனையின் முன்னறிவிப்பில் தோல்விக்கான வழிகளையும் அச்சிட்டுக் கொடுப்பது எளிய முடிவல்ல. கேப் கென்னடியில் கூடியிருந்த 3,000க்கும் மேற்பட்ட செய்தியாளர்களால் நேரலையின் நடுவேயும் அந்தக் கோப்பைப் புரட்டி விளக்கம் சொல்ல முடிந்தது. அதே வாரத்தில், ஜூலை 13 அன்று, சோவியத் ஒன்றியம் லூனா 15 கலத்தை நிலவுக்கு அனுப்பியது. பொதுப்படையான அறிவிப்புக்கு மேல் அதன் நோக்கம் விளக்கப்படவில்லை. மண்ணை அள்ளி வரப்போகிறதா, அப்போலோவுக்கு இடையூறாகுமா என்று பத்திரிகைகள் ஊகித்துக்கொண்டே இருந்தன. தகவல் இல்லாத இடத்தை ஊகம் எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்பீடு எனக்குத் தெரியவில்லை.

நிலவுப் பயணம் தனிக்கதை என்பார்கள். அன்றாடச் செய்திக்குறிப்புகளுக்கு வருவோம். கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் நடந்து, 2014இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்று பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட, உடல்நலம் தொடர்பான 462 செய்திக்குறிப்புகளை மூல ஆய்வுக் கட்டுரைகளோடும், அவற்றிலிருந்து பிறந்த செய்திகளோடும் ஒப்பிட்டது. கட்டுரையில் இருந்ததைவிட அழுத்தமான அறிவுரை 40 விழுக்காட்டுக் குறிப்புகளில் இருந்தது. வெறும் தொடர்பைக் காரணமாக மாற்றிச் சொன்னவை 33 விழுக்காடு. விலங்குகளிடம் கண்டதை மனிதருக்கும் நீட்டியவை 36 விழுக்காடு. குறிப்பு மிகைப்படுத்தியிருந்தால் அதை ஒட்டிய செய்திகளிலும் முறையே 58, 81, 86 விழுக்காடு மிகைப்படுத்தின. குறிப்பு அளவோடு பேசியிருந்தால் அந்த விகிதம் 17, 18, 10 மட்டுமே. பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்குகின்றன என்று நாம் அலுத்துக்கொள்ளும் பல இடங்களில் ஊதல் நம் மேசையிலேயே தொடங்கிவிடுகிறது. மிகைப்படுத்திய குறிப்புகளுக்கு அதிக இடம் கிடைத்ததற்கான சான்றையும் அந்த ஆய்வு காணவில்லை.

இது நடந்ததைக் கவனித்து எழுதிய ஆய்வுதானே, ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே வட்டத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 9 செய்தித்தொடர்பு அலுவலகங்களின் 312 குறிப்புகளைக் கொண்டு குலுக்கல் முறையில் ஒரு சோதனையும் நடத்தி, முடிவை 2019இல் வெளியிட்டார்கள். சான்றின் வலிமைக்கு ஏற்ற தலைப்பு, காரணம் இன்னும் நிறுவப்படவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லும் ஒரு வரி ஆகியவற்றை அலுவலகங்களுக்குப் பரிந்துரைத்தார்கள். எல்லோரும் முழுதாக ஏற்கவில்லை. அதனால் குலுக்கிப் பிரித்த குழுக்களுக்கு இடையே வேறுபாடு சிறிதாகவே இருந்தது. உண்மையில் எந்த வடிவம் வெளியானது என்று பார்த்தபோதோ, எச்சரிக்கை வரி குறிப்பில் இருந்த இடத்தில் அது சில செய்திகளுக்குள்ளும் போனது, தலைப்புகளும் சீராயின. செய்தி வெளியாவது குறைந்ததாகத் தெரியவில்லை. இரண்டு ஆய்வுகளும் பிரிட்டன் சார்ந்தவை, உடல்நலம் பற்றியவை. ஆனாலும் எதிர்த்தரப்பின் பயத்துக்கு இந்த அளவு ஆதாரம்கூட இல்லை.

வாடிக்கையாளர் சம்மதிப்பாரா என்பதுதான் கடினமான தடை. தன் பொருளின் குறையைத் தன் செலவிலேயே அச்சிட எந்த நிர்வாகி விரும்புவார்? அவரிடம் நாம் பேச வேண்டியது நேர்மையைப் பற்றி மட்டுமல்ல, கட்டுப்பாட்டைப் பற்றியும். குறை எப்படியும் வெளியே வரும். அது முதலில் நம் வாயிலிருந்து, சரியான எண்ணோடும் உரிய விளக்கத்தோடும் வருவது ஒன்று. மூன்று நாள் கழித்துப் போட்டி நிறுவனத்தின் வாயிலிருந்து வருவது வேறொன்று. நாசாவுக்குக் கட்டுப்படியாகும், சிறிய மருத்துவமனைக்கோ நகராட்சிக்கோ முடியாது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. சிறிய அமைப்பைப் பற்றி நிருபருக்கு உடனடியாக வேறு மூலம் பெரும்பாலும் கிடைக்காது. நம் கோப்பில் இல்லாதது அவருடைய முதல் செய்தியிலும் அநேகமாக இருக்காது. நீளமும் தடையல்ல. முதல் பக்கத்தில் செய்தி, அடுத்ததில் எண்களும் அவற்றின் மூலமும் வரம்பும், மற்றவை பின்னால். 250 பக்கத்தையும் வரிசையாக ஒருவர் படிப்பார் என்று நாசாவும் நினைத்திருக்காது.

தமிழ்ச் செய்தி மேசைக்கு அனுப்பும்போது இது இன்னும் அவசரம். ஆங்கிலக் குறிப்பை மட்டும் அனுப்பினால், பக்கம் முடிக்கும் நெருக்கடியில் உதவி ஆசிரியர் அதைத் தமிழாக்க வேண்டும். அப்போது முதலில் உதிர்பவை ‘சில நோயாளிகளுக்கு’, ‘தொடக்கநிலைச் சோதனையில்’ போன்ற சின்னச் சொற்கள். அவற்றை நாமே தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டால் உதிராது. யூனிகோடில், அப்படியே எடுத்து ஒட்டும்படி கொடுக்க வேண்டும். பழைய எழுத்துருவில் அடித்த பிடிஎஃபிலிருந்து எடுத்து ஒட்டினால் குப்பை எழுத்தாகத்தான் விழும். ஆட்களின் பெயர், ஊர், பதவி ஆகியவற்றின் எழுத்துக்கூட்டு, படத்தில் இருப்பவர் இடமிருந்து வலமாக யார், இரவு பக்கம் முடியும் வரை எடுக்கப்படும் ஒரு கைபேசி எண் எல்லாம் வேண்டும். அந்த எண்ணுக்கு உரியவர், விவரம் தெரிந்து பதில் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும்.

கோப்பை இறுதி செய்வதற்கு முன் ஒரு நடைமுறையை நம் அலுவலகங்களில் கட்டாயமாக்கலாம். தயாரித்த குறிப்பை நிர்வாகியிடம் காட்டுவதற்கு முன் அந்த வேலையைச் செய்த பொறியாளரிடமோ மருத்துவரிடமோ கொடுத்து, இதில் எந்த வரி நாளைய தலைப்பானால் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று கேட்க வேண்டும். அவர் காட்டும் வரியைத் திருத்தி, திருத்தியதற்கான காரணத்தையும் இரண்டாம் பக்கத்தில் எழுதிச் சேர்க்க வேண்டும்.