‘சமாதானமாப் போங்கோ’ என்பது சட்ட ஆலோசனை இல்லை

வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது 2005 இல். 34 ஆம் இலக்கச் சட்டம். எங்களில் சிலரை விட அதுக்கு வயசு கூட. ஆனாலும் அடி வாங்கின ஒரு பெண் பொலிஸ் நிலையத்துக்குப் போனால், முதலில் கிடைக்கிற ‘சட்ட ஆலோசனை’ இன்னும் மாறேல்லை: “பிள்ளையளின்ர முகத்தைப் பாத்துச் சமாதானமாப் போங்கோ தங்கச்சி.”

இதை மனிதாபிமானம் என்று ஏற்க நாங்கள் தயாரில்லை. இது வேலையைத் தட்டிக்கழிக்கிறது. சட்டம் சொல்லுறது வேற. பாதிக்கப்பட்டவர் நேரடியாகவே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம். அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரே விண்ணப்பிக்கலாம். அவசரம் என்றால் நீதவான் இடைக்காலக் கட்டளை கொடுக்கலாம். 14 நாளுக்குள் விசாரணைக்கு எடுக்கவேணும். அதன் பிறகு வழங்கும் கட்டளை 12 மாதம் வரை நிற்கும். அடிக்கிறவன் அந்த வீட்டுக்குள்ளயே வரக்கூடாது என்றும் தடுக்கலாம். காயம் இருந்தால்தான் வழக்கு என்றும் இல்லை. பாரதூரமான, தொடர்ச்சியான மனரீதியான கொடுமையும் இதற்குள் வரும்.

இதெல்லாம் அந்த மேசைக்கு முன்னால் நிற்கிற பெண்ணுக்கு ஆர் சொல்லுறது? சொல்லாமல் விட்டு, சாதாரண கைகலப்பு மாதிரி முறைப்பாட்டை எழுதி, மத்தியஸ்த சபைக்கு அனுப்பிவிட்டால் கதை முடிஞ்சுது. வேலிச் சண்டைக்கும் கடன் பிரச்சினைக்கும் நல்லாப் பயன்படுகிற சபை அது. அடிச்சவனையும் அடி வாங்கினவளையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி “ரெண்டு பேரும் விட்டுக்குடுங்கோ” என்று சொல்ல அது உருவாக்கப்படவில்லை. அவள் எதை விட்டுக்குடுக்கிறது?

மொழிப் பிரச்சினை இதைவிட மோசம். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழில் அலுவல் பார்க்கும் உரிமை அரசியலமைப்பில் இருக்கு. ஆனால் அவள் தமிழில் சொல்ல, ஒருத்தர் அரைகுறையாக மொழிபெயர்க்க, இன்னொருத்தர் சிங்களத்தில் எழுத, வாசிக்கத் தெரியாத கடதாசியில் அவள் கையெழுத்து வைக்கிறது இன்னும் நடக்குது. அண்டைக்கு அது சின்ன விசயமாகத்தான் தெரியும். வருடங்கள் கழிச்சு வழக்கு விளக்கத்துக்கு வரும்போது, எதிரியின் சட்டத்தரணி அதே கடதாசியைத் தூக்குவார். “பொலிசுக்கு ‘தள்ளினான்’ என்று சொன்னீங்கள், இப்ப ‘கழுத்தை நெரிச்சான்’ என்கிறீங்கள், எது உண்மை?” பொய் சொன்னது அவளில்லை, மொழிபெயர்ப்பு. ஆனால் முரண்பாடு அவளின் சாட்சியத்தில்தான் குறிக்கப்படும். அந்த முதல் நாள் பக்கத்தில் ஒரு சட்டத்தரணி நின்றிருந்தால், “தமிழில் எழுதுங்கோ, வாசிச்சுக் காட்டுங்கோ” என்ற ஒரு வசனத்தோட முடிஞ்சிருக்கும்.

எங்கட சமூகமும் தப்பேலாது. 2015 மே மாதம் புங்குடுதீவு மாணவி கொல்லப்பட்டபோது வடக்கே தெருவில் இறங்கியது. மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட மன்று யாழ்ப்பாணத்தில் இருந்து, 2017 செப்டெம்பரில் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. சரி. ஆனால் உயிரோடு இருந்து, அயலட்டைக்குத் தெரிஞ்ச ஒருத்தனுக்கு எதிராக, தனியாகத் தவணைக்குத் தவணை பஸ் ஏறிப் போகிற பெண்ணுக்காக எந்தச் சந்தியில் கடை பூட்டினோம்?

சட்டமும் திருந்தத்தான் வேணும். மனைவி நீதிமன்றத்தால் பிரிக்கப்பட்டிருந்தால் மட்டுமே கணவன் செய்வது வல்லுறவு என்று 1995 இல் தண்டனைச் சட்டக்கோவையில் எழுதினது இன்னும் அப்படியே கிடக்குது. அதுக்காகக் கொழும்பில் வாதாடுறவைக்கு எங்கட ஆதரவு உண்டு. ஆனால் நிபுணத்துவம் முழுக்க வரைவு எழுதவும், ஹோட்டல் செயலமர்வுக்கும், மினுமினுத்த தாளில் கைநூல் அடிக்கவும் போனால், கிளிநொச்சியில் நிற்கிற பெண்ணுக்கு என்ன மிச்சம்?

ஒரு உதாரணம். தேசவழமைக்குள் வாற பெண் தன்ர சீதனக் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேணும். அடிக்கிறவன் கையெழுத்து வைப்பானா? ஆனால் அவன் விட்டுப் போயிருந்தால், அல்லது நியாயமில்லாமல் சம்மதம் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வழி இருக்கு. அவள் திரும்ப அந்த வீட்டுக்கே போறதா இல்லையா என்பது இந்த ஒரு தகவலில் தங்கியிருக்கலாம். எந்தச் சுவரொட்டியில் இதைப் போட்டிருக்கினம்?

ஆகவே நாங்கள் கேட்கிறது: பொலிஸ் நிலையங்களின் சிறுவர், பெண்கள் பிரிவில் குறித்த நாட்களிலாவது சட்ட உதவி ஆணைக்குழுவின் தமிழ் பேசும் சட்டத்தரணி இருக்கவேணும். தமிழ் முறைப்பாடு தமிழிலேயே பதியப்படவேணும். வீட்டு வன்முறையை மத்தியஸ்தத்துக்குத் தள்ளுற உத்தியோகத்தர், ஏன் விண்ணப்பம் செய்யவில்லை என்று எழுத்தில் காரணம் சொல்லவேணும்.

அடுத்த செயலமர்வுக்குத் திகதி குறிச்சு வைச்சிருக்கிற நிபுணர்களே, மண்டபத்தை ரத்துச் செய்துபோட்டு அண்டைக்குக் காலமை எட்டரைக்கு ஒரு நீதவான் நீதிமன்ற வளவுக்கு வாங்கோ. வேப்பமரத்துக்குக் கீழ கோப்போட நிற்கிற பெண்களிட்ட இருந்து தொடங்குங்கோ.