மலிவாகக் கிடைக்கிறதா துப்பாக்கி?

தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் குறைந்த காசில் வேட்டைத் துப்பாக்கி என்றால் அது நாட்டுத் துப்பாக்கிதான். குழலின் வாய் வழியே கருமருந்தும் ஈயக்குண்டும் போட்டு, கம்பியால் இடித்துச் சுடுவது. அந்தக் குழல் வெடித்தால் முதலில் போவது சுட்டவரின் கையும் கண்ணும்தான். புதியதா, பழையதா என்று விலை பேசுவதே வீண். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், 2019-இல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டப்படி 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையே தடுக்கிறது.

ராகி விளையும் நேரத்தில் யானையும் பன்றியும் இறங்கினால் உழவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். அந்தக் கோபம் நியாயமானது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று 2025-இல் அரசு அறிவித்தது. காட்டை ஒட்டியே நிலம் வைத்திருப்பவருக்கு அதனால் என்ன பயன்? அவருக்குத் தேவை, அலையவிடாமல் கைக்கு வரும் இழப்பீடு. அதை அரசு உடனே தர வேண்டும். பரணில் துப்பாக்கி வைத்திருப்பவர்களே, வனத்துறையிடமோ காவல் நிலையத்திலோ ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஒப்படைத்துவிடுங்கள்.