கன்றுக்குச் சொன்ன வார்த்தை

வெளியூர் போன பிள்ளையிடமிருந்து இரண்டு நாளாகப் போன் இல்லை. கொல்லையில் காக்கை கரைகிறது. "யாரோ வரப் போகிறார்கள்" என்று சொல்லிக்கொண்டே ஒரு பிடி அரிசி கூடப் போட்டு உலை வைக்கிறீர்கள். சுவரில் பல்லி சொன்னால் எந்தத் திசை என்று திரும்பிப் பார்க்கிறீர்கள். "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது" என்கிறவர்களும், பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொல்லுகிறார்கள்!

இது நம் பாட்டிமார் காலத்தில் வந்த வழக்கம் அல்ல. பத்துப்பாட்டில் ஒன்று, நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு. மொத்தம் 103 அடிகள்தான். போருக்குப் போன கணவன் திரும்புவதாகச் சொன்ன கார்காலம் வந்துவிட்டது, அவன் வரவில்லை. வயதான பெண்டுகள் நாழி நெல்லும் முல்லைப் பூவும் எடுத்துக்கொண்டு, மழை பெய்த மாலையில் ஊர்ப்புறம் போகிறார்கள். தெய்வத்தைத் தொழுதுவிட்டு, யார் வாயிலிருந்தாவது தற்செயலாக ஒரு நல்ல சொல் வராதா என்று காத்து நிற்கிறார்கள். இதற்கு 'விரிச்சி கேட்டல்' என்று பெயர்.

அங்கே ஓர் ஆயர் வீட்டுப் பெண், குளிருக்குத் தோள்மேல் கைகளைக் கட்டிக்கொண்டு, தாம்புக் கயிற்றில் தவிக்கும் கன்றைத் தேற்றுகிறாள், 'இதோ உன் தாய் வந்துவிடுவாள்' என்று. அவள் சொன்னது கன்றுக்கு. கிழவிகளோ அதைத் தங்களுக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டு, "அழாதே அம்மா, உன் கணவன் வந்துவிடுவான்" என்று தலைவியிடம் வந்து சொல்லுகிறார்கள்.

தலைவி தேறினாளா? இல்லை. அவள் கண்ணீர் நிற்கவில்லை. நிஜமான சேதி பிறகுதான் வந்தது, கொம்பும் சங்கும் முழங்க, தேர்க் குதிரைகளின் ஒலியோடு!

ஆனாலும் அந்தக் கிழவிகளை எனக்குப் பிடிக்கிறது. அவர்கள் சகுனம் பார்த்தது, அழுகிற ஒருத்தியைத் தேற்றுவதற்காக.

நாம் எதற்குப் பார்க்கிறோம்? நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது கணவனை இழந்த ஒருத்தி எதிரே வந்துவிட்டால், திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறோம். காக்கைக்கும் பல்லிக்கும் நாம் செய்வது புரியாது. அவளுக்குப் புரியும். அதனால்தான், வீட்டில் கல்யாணம் என்றால் யாரும் சொல்லாமலே அவள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய்விடுகிறாள்.

அடுத்த முறை கிளம்பும்போது அவளையே வாசலுக்குக் கூப்பிட்டு, "போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். "நல்லபடியாகப் போய்விட்டு வா" என்பாள்.

அதைவிட நல்ல விரிச்சி வேறு என்ன வேண்டும்?